தகடு சிலை ஆகுமா?

வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கண், கை, கால், குழந்தை என்று மெல்லிய தகட்டில் உருவம் அடித்து விற்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை செலுத்துவார்கள். கோவிலில் சாமிக்குச் சாத்தும் கவசமும் தகடுதான்.

கல்லைச் செதுக்கினால் சிலை. உலோகத்தை உருக்கி வார்த்தாலும் சிலை. வெறும் தகடு சிலை ஆகுமா?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் சிற்பி பி.வி.ஜானகிராம். சென்னைக் கலைப் பள்ளியில் படித்தவர். (அதுதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. இப்போது அங்கே முதுகலையும் படிக்கலாம்.) ஜானகிராம் வாயால் விடை தேடவில்லை. சுத்தியலை எடுத்தார். செம்புத் தகட்டைத் தட்டினார், வளைத்தார், அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்தார். விநாயகர் வந்தார். ஏசுநாதரும் வந்தார்! கவசத்தைப் போலவே, முன்னால் நின்று பார்க்க வேண்டிய சிலைகள்.

சரி, சோற்றுக்கு வழி? சிலையை நம்பி உலை வைக்க முடியுமா?

பள்ளியின் முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கருக்கும் அதே கவலை. அவரோடு சேர்ந்த கலைஞர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில், 1966-ல், சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். ஜானகிராமும் அவர்களில் ஒருவர்.

ஊருக்குச் 'சோழமண்டலம்' என்று பெயர் வைத்தார்கள். கலைஞர்களின் அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது.