பாரம் தூக்கும் பொறிகள்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் தேவையும் வளர்ச்சியும்

தோற்றுவாய்

சுமை தோன்றிய நாளிலேயே அதனைத் தூக்கும் வழியையும் மனிதன் தேடத் தொடங்கிவிட்டான். தலையாலும் தோளாலும் தூக்கியவன் பின்னர்க் கயிற்றாலும் உருளையாலும் தூக்கினான். இன்று மின்னாற்றலாலும் எண்ணெய் அழுத்தத்தாலும் தூக்குகிறான். தொழில் பெருகுந்தோறும் தூக்கும் பொறிகளின் தேவையும் பெருகும் என்பது வணிகர் நன்கறிந்த உண்மை. கழனியும் கல்வராயன் மலையும் சூழ்ந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கு அவ்வுண்மை எவ்வாறு பொருந்துகிறது, அவ்வளர்ச்சியின் பயன் யாரைச் சென்று சேரும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். தமிழ்த்துறை மலரில் பொறிகளைப் பற்றிய பேச்சு எதற்கு என வினவுவோர் உளராயின், அதற்குரிய விடையை இறுதியில் தந்துள்ளோம்.

சொல்லும் பொருளும்

கிரேன் என்னும் ஆங்கிலச் சொல் நீண்ட கழுத்துடைய ஒரு பறவையின் பெயர். பழங்கிரேக்க மொழியிலும் அப்பறவைக்கும் இப்பொறிக்கும் ஒரே பெயரே வழங்கிற்று. நம் முன்னோரோ உருவத்தை நோக்காது தொழிலை நோக்கிப் பெயரிட்டனர். கிணற்று நீரை மேலேற்றிய கருவி ஏற்றம் எனப்பட்டது. மாடுகள் சரிவில் இறங்க, உருளை சுழல, நீர் நிறைந்த சால் மேலெழுந்தது கவலை. தென்மாவட்டங்களில் அது கமலை. இன்று பாரந்தூக்கி என்னும் சொல் பெருவழக்காகி வருகிறது. பளுதூக்கி எனின் அது விளையாட்டு வீரரையும் குறித்து மயக்கம் தரும். ஆதலின் சுமையைத் தூக்கி இடம்பெயர்க்கும் கிரேனைப் பாரந்தூக்கி என்றும், நேராக மேலேற்றி இறக்குவதை ஏற்றுபொறி என்றும் இங்கு வழங்குவோம்.

இவற்றின் அடிப்படை எளியது. கயிறு நான்கு மடிப்பாகச் சுமையைத் தாங்குமாயின், உராய்வை நீக்கிப் பார்க்க, 100 கிலோ சுமையைத் தூக்க 25 கிலோ அளவு இழுப்பே போதும். ஆயின் சுமை 1 மீட்டர் உயர வேண்டுமெனில் 4 மீட்டர் கயிற்றை இழுத்தாக வேண்டும். பட்டறைகளில் தொங்கும் செயின் பிளாக்கில் ஒருவரே ஒரு டன் எந்திரத்தை மெல்ல மெல்ல உயர்த்திவிடுவது இத்தகைய கணக்கினால்தான்.

கரும்பும் காலமும்

இம்மாவட்டத்தில் பாரந்தூக்கியின் இன்றியமையாமையைக் காண விழைவோர் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நினைத்துப் பார்த்தல் வேண்டும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்க எடை குறையும். சர்க்கரைச் சத்தும் சிதையும். எனவே வெட்டிய ஒரு நாளைக்குள் அரைத்துவிடுதல் நன்று என்பர்.

நாளொன்றுக்கு 2500 டன் அரைக்கும் ஆலை ஒன்றைக் கணக்கிற்கு எடுத்துக்கொள்வோம். வண்டிக்கு 15 டன் வீதம் ஏறத்தாழ 167 பாரங்கள் வந்திறங்க வேண்டும். இரவும் பகலும் இடைவிடாது இறக்கினாலும் 9 நிமிடத்திற்கு ஒரு பாரம் என்றாகிறது. லாரியில் கரும்பு ஏற்றும்பொழுதே அடியில் சங்கிலிகளை இட்டு வைக்கின்றனர். ஆலை முற்றத்தில் பாரந்தூக்கி அச்சங்கிலிகளைப் பற்றிக் கரும்பைக் கட்டோடு தூக்கிச் சரிக்கிறது. அப்பொறி ஒரு மணி நேரம் பழுதுபட்டு நின்றால் ஏழு பாரங்கள் தேங்கும். எடைமேடைக்கு முன்னே காத்து நிற்கும் உழவரின் கரும்பு காயும். காய்ந்த எடை அவர் கைப்பொருளிலிருந்து கழியும். அரைவைப் பருவம் முடிந்த பின்னரும், பல டன் எடையுள்ள ஆலை உருளைகளைக் கழற்றிச் செப்பனிட மேல்தளப் பாரந்தூக்கி தேவைப்படுகிறது.

பொறி வாங்குவோர் இதனின்று கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. எத்தனை டன் தூக்கும் என்று மட்டும் கேட்டல் போதாது. நாளொன்றுக்கு எத்தனை முறை தூக்கும் என்றும் கேட்டல் வேண்டும். 5 டன் தூக்கும் இரு பொறிகளுள் ஒன்று பட்டறையில் நாளுக்குப் பத்து முறை தூக்குவதற்கும், மற்றொன்று ஆலையில் ஓயாது தூக்குவதற்கும் செய்யப்பட்டிருக்கும். உழைப்பின் கடுமையை ஒட்டி இவற்றை எம்-1 முதல் எம்-8 வரை எட்டு வகுப்புகளாகப் பகுத்துள்ளனர். மலிவு கருதி வகுப்பு மாறி வாங்குவோர் பின்னர்ப் பழுது பார்ப்பதற்கே பொருளை இழப்பர்.

கிணற்றடியில் ஒரு பாரந்தூக்கி

ஆலைக்கு வெளியே இவ்வட்டாரத்து மக்கள் மிகுதியும் காணும் பாரந்தூக்கி கிணறு வெட்டும் கிரேனே. பாறைப் பாங்கான இந்நிலத்தில் நீர்மட்டம் தாழத் தாழக் கிணற்றை ஆழப்படுத்த வேண்டியுள்ளது. வெடி வைத்துப் பெயர்த்த கல்லையும் மண்ணையும் முன்பு கூடை கூடையாக மக்கள் சுமந்து ஏற்றினர். இன்று கிணற்று விளிம்பில் நிறுத்திய இரும்புத் தூணில் கை ஒன்று சுழல்கிறது. டீசல் எந்திரம் கம்பிவடத்தைச் சுருட்ட, இரும்புத் தொட்டி மேலெழுகிறது. மலையடிவாரச் சிற்றூர்களில் இப்பொறியை நம்பிப் பிழைக்கும் குழுக்கள் பல.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய கிணறு ஒன்றின் கரையில் நின்றுகொண்டிருந்தோம். கம்பிவடத்தில் இழைகள் ஆங்காங்கே அறுந்து சிலிர்த்திருந்தன. கீழே நால்வர் வேலை செய்துகொண்டிருந்தனர். "இவ்வடம் எவ்வளவு தாங்கும்?" என்று இயக்குநரைக் கேட்டோம். "அறுந்தா தெரியும் சார்" என்றார் சிரித்துக்கொண்டே. அவர் மீது நமக்குச் சினம் எழவில்லை. அவருக்கு அதனைச் சொல்லித் தந்தவர் எவரும் இலர். பொறியின் மேல் ஏதோ எழுதியிருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது.

1854இல் நியூயார்க் நகரப் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பார் ஏற்றுபொறியின் மேடையில் தாமே ஏறி நின்று, அதனைத் தாங்கிய வடத்தை வெட்டச் செய்தார். மேடை விழாது நின்றது. அவர் அமைத்த தடுப்பு அதனைப் பற்றிக்கொண்டது. வடம் அறுந்தாலும் உயிர் பிழைக்க வேண்டும் என்னும் எண்ணமே இத்தொழில் வளர்ந்ததற்கு வித்தாயிற்று. நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும் அவ்வெண்ணம் நம் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை.

அணையும் மலையும்

கல்வராயன் மலையடியில் 46 அடி கொள்ளளவு உயரமுடைய கோமுகி அணை 1965இலும், 36 அடியுடைய மணிமுத்தாறு எனவும் வழங்கும் மணிமுக்தா அணை 1970இலும் பயன்பாட்டிற்கு வந்தன. மதகுக் கதவுகளை உயர்த்துவனவும் ஏற்றுபொறிகளே. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டதை யாவரும் அறிவர். அத்தகைய இரவில் கதவு உரிய நேரத்தில் உயராவிடின் விளைவு என்னாகும்? ஆண்டு முழுதும் வாளாவிருந்து ஓரிரவில் உழைக்க வேண்டிய பொறிக்குப் பராமரிப்பே உயிர்.

மலைமேல் நிலைமை வேறு. மலையாளி இனத்து மக்கள் விளைவிக்கும் மரவள்ளியும் கரும்பைப் போன்றே காலம் தாழ்த்தலாகாத பொருள். தோண்டிய சில நாளில் கெடும். ஆத்தூர், சேலம் பகுதிச் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் அக்கிழங்கு மூட்டைகள் சரிவான கொல்லைகளிலிருந்து சாலைவரை இன்றும் தலைச்சுமையாகவே வருகின்றன. பழனி மலையில் 1966 முதல் மின் இழுவை வண்டி மக்களை ஏற்றி வருகிறது. அத்துணைப் பெரிய ஏற்பாடு வேண்டா. சிறிய எந்திரமும் கம்பிவடமும் கொண்ட இழுபொறியைச் சிற்றூர்தோறும் கூட்டுறவாக அமைத்தாலே சுமை பாதியாகும்.

வளர்ச்சிக்கான வாய்ப்புகள்

2019இல் தனி மாவட்டமான பின் கள்ளக்குறிச்சியில் கட்டடப் பணிகள் பெருகின. உளுந்தூர்ப்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில் 20,000 பேருக்கு வேலை தரும் காலணித் தொழிற்சாலைக்கு 2023இல் தைவான் நாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. உளுந்தூர்ப்பேட்டை, சேலம் நெடுஞ்சாலையில் விபத்துற்ற ஊர்திகளை அகற்றவும், காற்றாலைப் பாகம் போன்ற பெருஞ்சுமைகளை ஏற்றி இறக்கவும் மக்கள் ஹைட்ரா என்றழைக்கும் நகரும் பாரந்தூக்கிகள் வேண்டும். இவற்றை விலைக்கு வாங்குவோரினும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போரே மிகுதி. ஆகவே விற்பனையோடு வாடகை, இயக்கம், பழுதுபார்ப்பு, ஆய்வு என நான்கு தொழில்கள் உடன்வளரும்.

சுமைதூக்கும் தொழிலாளர் வேலை இழப்பரே எனப் பெரியோர் அஞ்சுவது நியாயமே. ஆயின் 55 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை ஓர் ஆடவர் கையால் தூக்கலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. நம் மண்டிகளில் நெல் மூட்டைக்கு 75 கிலோ என்பதே பழைய கணக்கு. நாற்பது வயதில் முதுகு வளைந்து வீட்டில் அமர்ந்துவிட்ட சுமைத் தொழிலாளர் நம் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். பொறி வருமுன் அவர்களுக்கே பயிற்சி தந்து, அவர்களையே இயக்குநராக்குதல் முறையாகும்.

பாதுகாப்பும் தமிழும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏற்றுபொறிகளை ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், பாரந்தூக்கி, சங்கிலி, வடம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதியுடையோர் ஆய்வு செய்ய வேண்டும் என விதித்தது. ஆயின் வயற்காட்டுக் கிணறு தொழிற்சாலை அன்று. திருவிழாத் திடலும் அன்று. 2023 ஜனவரியில் அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதியில் கோயில் விழாவின்போது பாரந்தூக்கி சரிந்து நால்வர் மாண்டனர். பொருள் தூக்கும் பொறியில் ஆள் ஏறலாகாது என்னும் ஒரு வரி அறிவு எத்தனையோ உயிர்களைக் காக்கும்.

தமிழ்த்துறைக்கு இங்கென்ன பணி என்னும் வினாவிற்கு இதுவே விடை. பொறியின் தேவை நாம் வேண்டாவிடினும் பெருகும். அதனைப் பற்றிய அறிவு நாம் முயன்றாலன்றிப் பெருகாது. அவ்வறிவு இயக்குவோரின் மொழியில் இருத்தல் வேண்டும். மாணவ மணிகளே! உங்களுட் பலர் மலையடிவார ஊர்களிலிருந்து வருகின்றீர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது கிணற்றுக் குழுவினரும் ஆலைத் தொழிலாளரும் வழங்கும் சொற்களைத் தொகுத்து வாருங்கள். அச்சொற்களைக் கொண்டே, தொழிற்பயிற்சி ஆசிரியர்களின் துணையுடன், நான்கு பக்கக் கையேடு ஒன்றை ஆக்குவோம். இழை அறுந்த வடத்தை மாற்றுக. தொட்டியில் ஆள் ஏறற்க. தூக்கிய சுமையின் கீழ் நிற்கற்க. "பாதுகாப்பான சுமை இத்துணை" எனப் பொறியின் மேல் தமிழில் எழுதுக என்பன அதன் முதற்பக்கமாகட்டும். அடுத்த முறை கிணற்றுக் கரையில் நின்று அவ்வினாவைக் கேட்கும்பொழுது, இயக்குநர் வடத்தைத் தொட்டுக் காட்டி எடையைச் சொல்லும் நிலை வருதல் வேண்டும்.