திரையில் ஆடிய பேஸ்போல்

இளமையில் விரும்பி ஆடிய விளையாட்டைப் பின்னாளில் நினைந்து மகிழ்தல் மக்கள் எல்லோர்க்கும் பொதுவான இயல்பு. அமெரிக்க மக்கள் தம் நாட்டு விளையாட்டெனப் போற்றுவது பேஸ்போல். அதனைத் திடலில் மட்டுமன்றித் தொலைக்காட்சித் திரையிலும் ஆடி வளர்ந்த தலைமுறையினர் இன்று நடுவயதை எட்டியுள்ளனர். உயிரோவியம் போன்ற புதிய வீடியோ ஆட்டங்கள் இருக்கவும், சிறு கட்டங்களால் உருவமைந்த பழைய ஆட்டங்களையே அவருட் பலர் நாடுகின்றனர். அதற்குக் காரணம் யாது?

பேஸ்போல் எண்களோடு பிணைந்த விளையாட்டு. ஒரு வீரர் எத்தனை முறை மட்டை பிடித்தார், அவற்றுள் எத்தனை முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார் என்பன யாவும் கணக்கில் ஏறும். ஆகவே அது கணினிக்கு எளிதில் இசைந்தது. 1971ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கல்லூரி மாணவர் டொன் டக்ளோ, பெருங்கணினி ஒன்றில் பேஸ்போல் ஆட்டத்தை அமைத்தார். அதிற் படமில்லை, நிகழ்ந்தவற்றை எழுத்துகளே அறிவித்தன. 1983இல் அவரும் எடி டொம்பிரோவரும் இன்டெலிவிஷன் கருவிக்காக ஆக்கிய ஆட்டம், ஒளிபரப்பைப் போலப் பல கோணங்களிலிருந்து திடலைக் காட்டியது.

1986இல் யப்பானிய நிறுவனமான நம்கோ வெளியிட்ட 'பமிலி ஸ்டேடியம்', பின்னர் அமெரிக்காவில் 'ஆர்.பி.ஐ. பேஸ்போல்' என உலாவியது. அதில் வரும் வீரர்கள் குண்டுப் பொம்மைகளே. எனினும் அவர்களுடைய பெயர்கள் மெய்யானவை. 1994இல் கென் கிரிபியின் பெயரால் வந்த ஆட்டத்திலோ அவர் ஒருவருக்கே மெய்ப்பெயர், ஏனையோர்க்குப் புனைபெயர். ஆடுவோர் அப்பெயர்களை மாற்றி, உண்மை வீரரின் பெயர்களைத் தாமே இட முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12இல் வீரரின் வேலைநிறுத்தம் தொடங்க, உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியும் கைவிடப்பட்டது. திடல்கள் வெறிச்சோடிக் கிடந்தபோதும் வீட்டுத் திரையில் ஆட்டம் நிற்கவில்லை.

இங்கேதான் அந்த ஏக்கத்தின் வேர் இருக்கின்றது. மெய்ப்பெயர் தாங்கிய ஒவ்வோர் ஆட்டமும் ஓர் ஆண்டின் பெயரேடு. ஓய்வு பெற்றவரும் மறைந்தவரும் அதில் என்றும் இளமையோடு மட்டை பிடித்து நிற்கின்றனர். படத்தின் குறையை ஆடுவோரின் கற்பனை நிரப்பியது. தாமே நிரப்பியதை மனம் எளிதில் மறப்பதில்லை.

ஆயினும் அவ்வேடுகள் அழிந்து வருகின்றன. 1989இல் வந்த 'பேஸ்போல் ஸ்டார்ஸ்' ஆட்டத்தில் சிறுவர் தாமே குழு அமைத்து, அதன் கணக்கைச் சேமித்து வைக்கலாம். அக்கணக்கைக் காப்பது உள்ளிருக்கும் சிறு மின்கலம். அது தீர்ந்தால் கணக்கும் போம். வீரர் பெயருக்கும் குழுச் சின்னத்துக்கும் பெற்ற உரிமம் காலாவதியானால், பழைய ஆட்டத்தை மீண்டும் விற்றலும் அரிது. உரிமம் வேறு நிறுவனத்தின் கைக்குச் சென்றமையால், தொழில்முறைக் குழுக்களைக் கொண்ட 'எம்.வி.பி. பேஸ்போல்' வரிசை 2005உடன் நின்றது. எனினும் அன்பர்கள் புதிய வீரரின் பெயர்களைத் தாமே சேர்த்து அதனை நெடுநாள் வாழ்வித்தனர்.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த வீடியோ ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என 2023இல் வெளியான ஆய்வொன்று கண்டது. கூப்பர்ஸ்டவுன் அரும்பொருளகத்தில் பழைய மட்டையும் கையுறையும் பேணப்படுகின்றன. ஒரு தலைமுறை பேஸ்போலைக் கற்றுக்கொண்டது திரையிலே எனின், அந்த ஆட்டங்களும் அத்தகைய பேணுதலுக்கு உரியனவே. அன்பர் சிலரின் முயற்சி மட்டும் அதற்குப் போதாது.