குரைப்புக்குக் கூலி

கூரியர்காரர் மணி அடிக்கிறார். வீட்டு நாய் பாய்ந்து வந்து கதவை முட்டிக்கொண்டு குரைக்கிறது. அவர் பொட்டலத்தைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். போகத்தானே வந்தார்? ஆனால் நாயின் கணக்கு வேறு. நான் குரைத்தேன், அந்த ஆள் ஓடிவிட்டான். நாளைக்குப் பால்காரர், மறுநாள் கேஸ் சிலிண்டர் போடுகிறவர், அப்புறம் பிரியாணி கொண்டுவரும் பையன். எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் போனார்கள். ஒரு தடவைகூட நாய் தோற்றதில்லை. இத்தனை வெற்றி கண்ட பிறகு எவன்தான் தொழிலை விடுவான்?

நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் புகார்கள் வீட்டுக்கு வீடு அதிகம் மாறுவதில்லை. யார் வந்தாலும் குரைக்கிறது, விருந்தாளி மேல் தாவுகிறது, வாக்கிங் போனால் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது, செருப்பைக் குதறுகிறது, தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது. இதெல்லாம் நமக்குத்தான் பிரச்சினை. நாய்க்கு இவை பிறவிக் குணம். அந்தக் குணத்தில் எது வளரும், எது தேயும் என்பதை முடிவு செய்வது அதற்குக் கிடைக்கிற கூலி. கூலி கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுக்கிறோம்.

குட்டியாக இருந்தபோது முழங்காலில் காலை வைத்துத் தாவியதைத் தூக்கிக் கொஞ்சினோம். ஒரு வருடத்தில் அது முப்பது கிலோ லேப்ரடார். அதே தாவலுக்கு இப்போது "ஏய், இறங்கு!" என்று கத்தி, இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுகிறோம். நம் மனசில் அது தண்டனை. நாய் கேட்டதோ நம் கவனத்தை. பார்வை, குரல், கை மூன்றும் மொத்தமாகக் கிடைத்துவிட்டன.

சாப்பாட்டு மேஜை இன்னும் மோசம். நாய்க்கு எதுவும் போடக்கூடாது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியிருக்கும். தாத்தாவுக்கு மனசு கேட்காது.

"தாத்தா, குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"பாவம்டா, வாயையே பாத்துட்டு உக்காந்திருக்கு. ஒரு துண்டு இட்லிதானே."

அந்த ஒரு துண்டுதான் வினை. தினமும் கிடைத்த கூலி நின்றுபோனால் வேலையும் சீக்கிரம் நின்றுவிடும். எப்போதாவது கிடைக்கிற கூலி அப்படியில்லை. பத்து தடவைக்கு ஒரு தடவை கிடைத்தால் பதினோராவது தடவையும் கேட்டுப் பார்க்கத் தோன்றும். புறாக்களையும் எலிகளையும் வைத்து உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் போன நூற்றாண்டில் இதை விரிவாக அளந்து காட்டினார். லாட்டரிச் சீட்டு விற்றவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்.

கூலியை நிறுத்தினால் முதல் சில நாள் நாய் திருந்தாது, மோசமாகும். முனகிப் பார்த்தது குரைத்துப் பார்க்கும். குரைத்தும் நடக்காவிட்டால் மேஜையில் காலை வைக்கும். சரியாக அந்தச் சமயத்தில்தான் யாராவது தாங்க முடியாமல் ஒரு துண்டைப் போட்டுத் தொலைப்பார்கள். முனகலுக்கு நிறுத்திய கூலி இப்போது குரைப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே நிறுத்தினால் மட்டும் போதாது. கூலியை வேறு வேலைக்குத் திருப்பிவிட வேண்டும். அந்த வாசல் மணியையே எடுத்துக்கொள்வோம். ஹாலில், கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு பழைய மிதியடி. ஆரம்பத்தில் மணியே வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டு, நாய் மிதியடியில் கால் வைத்ததும் ஒரு துண்டு. நான்கு காலும் ஏறியதும் இன்னொரு துண்டு. உட்கார்ந்தால் இரண்டு. கையில் ஊட்டுவதைவிட மிதியடி மேலேயே போடுவது நல்லது. சம்பளம் எந்த இடத்தில் பட்டுவாடா ஆகிறது என்பது அதற்குச் சட்டென்று விளங்கும். இது பழகிய பிறகு, மணி ஓசையை போனில் பதிவு செய்து மிக மெதுவாக ஒலிக்கவிட வேண்டும். காது நிமிர்கிறது, உடம்பு எழவில்லை. அந்தச் சத்தத்தில்தான் தொடங்க வேண்டும். மணி, மிதியடி, ஈரல். சத்தத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டலாம். நாய் எழுந்து ஓடினால் முந்தைய சத்தத்துக்கே இறங்கிவிட வேண்டும். நிஜ மணி கடைசியில்தான், அதையும் முதலில் வீட்டு ஆளே அடிக்கட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் நாய்க்கு முன் நமக்குப் பொறுமை போய்விடும்.

பழகி முடிக்கும்வரை பழைய வேலைக்குச் சந்தர்ப்பமே தராமல் பார்த்துக்கொள்வது பாதி வைத்தியம். கூரியர் வருகிற நேரத்தில் நாய் உள்ளறையில் இருக்கலாம். செருப்பு அலமாரிக்குள், குப்பைக் கூடைக்கு மூடி. பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் ஏழு மாதம் வரை குட்டி எதையாவது கடித்தே தீரும். கடிக்கத் தகுந்ததைக் கொடுத்துவிட வேண்டியதுதான். வாக்கிங்கில் இழுக்கிற நாய்க்கும் இதே கணக்கு. இழுத்தால் நாம் மரமாக நிற்பது, கயிறு தொய்ந்ததும் நடப்பது. முதல் வாரம் தெருமுனையைத் தாண்ட முடியாது, பரவாயில்லை. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் முகர்வதை மட்டும் தடுக்காதீர்கள். நாய் வெளியே வருவதே அதற்குத்தான்.

மாதச் சம்பளத்துக்கு டிரெய்னர் வைப்பவர்கள் இப்போது நிறைய. காலையில் அவர் வந்து மொட்டை மாடியில் சிட், ஸ்டாண்ட், ஷேக்ஹேண்ட் எல்லாம் சொல்லிக்கொடுப்பார். (தமிழைத் தவிர வேறு பேசாத பாட்டியும் நாயிடம் மட்டும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்.) நாய் டிரெய்னருக்குக் கட்டுப்படும். அவர் வண்டி கிளம்பியதும் பழைய குருடி கதவைத் திறடி. கற்க வேண்டியவர்கள் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் 'இறங்கு', ஒருவர் 'டவுன்', ஒருவர் 'போடா அந்தப் பக்கம்' என்று சொல்கிற வீட்டில் எந்த நாயும் பாஸாகாது.

அடியாத மாடு படியாது என்பதை நாய்க்கும் பொருத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. அதற்கு அறிவியல் சாயம் பூசியது 'நீதான் கூட்டத்தின் தலைவன் என்று காட்டு' என்கிற கொள்கை. நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்து, கழுத்தில் முள்சங்கிலி மாட்டு, நீ சாப்பிட்ட பிறகே அதற்குச் சோறு போடு என்றெல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான். மூலம் எது தெரியுமா? ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டுக் கிடந்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதிய ஆய்வு. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. பிறகு அதே மெக் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் கவனித்துவிட்டு, 1999-ல் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம், அங்கே நாற்காலிச் சண்டை இல்லை. திருத்தம் நம் ஊர் டிரெய்னர்களை இன்னும் வந்து சேரவில்லை.

2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரனும் சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நடத்தைப் பிரச்சினைக்காக வந்த நாய்களின் சொந்தக்காரர்களிடம் எடுத்தது. அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், அதற்குப் பதிலாக நாய் தங்கள் மேல் சீறியதாகச் சொன்னார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது மீதிப் பேர் விஷயத்தில். அடிபட்டு அடங்கிய நாய் உறுமுவதை நிறுத்தியிருக்கலாம். கடிக்கும் எண்ணத்தையும் நிறுத்திவிட்டது என்று யார் சொன்னது? நாய் முதலில் முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும், உடம்பை விறைக்கும், கண்ணில் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். பிறகு உறுமும். கடிப்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான். உறுமலுக்கு அடி கொடுத்தால் நாம் பிடுங்கி எறிவது எச்சரிக்கை மணியை. 'ஒரு சத்தமும் போடாம திடீர்னு கடிச்சிடுச்சு' என்று சொல்லப்படும் நாய்களில் பலவும் இப்படிச் சத்தத்தை இழந்தவை.

தட்டைக் காக்கும் நாயிடம் 'நான் எப்போ வேணும்னாலும் எடுப்பேன், நீ சும்மா இருக்கணும்' என்று பாதியில் தட்டைப் பிடுங்கிக் காட்டுகிற வழக்கம் இருக்கிறது. சந்தேகப்பட்ட நாய்க்குச் சந்தேகம் சரிதான் என்று நிரூபிக்கிற வேலை. மாற்றிச் செய்ய வேண்டும். நாய் தின்றுகொண்டிருக்கையில் அது விறைக்காத தூரத்தில் நடந்துபோய், போகிற போக்கில் தட்டின் பக்கமாக ஒரு ஈரல் துண்டை வீசிவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். சில நாளில் நம் காலடிச் சத்தம் கேட்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி நம் கையைப் பார்க்கும். அப்போது ஓரடி நெருங்கலாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பரீட்சையே வேண்டாம். நாய் தனி அறையில் தின்னட்டும். ஏற்கெனவே கடித்திருக்கிற நாய் என்றால் விவரம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கடிபட்டவர், நாய் வீட்டு நாயே என்றாலும், தடுப்பூசி போட்ட நாயே என்றாலும், காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாம் கொடுக்காமலே கிடைக்கிற கூலியும் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு ஓட்டமே கூலி. கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிக்கவென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனங்கள் அவை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அடைத்து வைத்துவிட்டு, பூனையைத் துரத்துகிறது என்று புகார் சொன்னால் என்ன செய்ய? ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் அந்நியரைக் கண்டால் ஆகாது, அதற்காகவும்தான் வளர்த்தார்கள். பனிப்பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுத்த ஹஸ்கியைச் சென்னையில் ஏசி அறைக்குள் வளர்ப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். குட்டியின் முகத்தைப் பார்த்து வாங்குவதற்கு முன், அதன் பாட்டன் பூட்டன் பார்த்த வேலையைக் கேட்டுக்கொண்டால் பாதிப் புகார் எழாது.

கூலிக் கணக்கு செல்லாத இடம் பயம். அலுவலகம் விட்டு வந்து பார்த்தால் சோபா பஞ்சு பஞ்சாகக் கிடக்கிறது, நாய் காதை மடக்கி மூலையில் பதுங்குகிறது. 'செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது' என்கிறோம். நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும், திட்டு விழுந்தால் அதே முகத்தைக் காட்டியது. அது குற்ற உணர்ச்சி இல்லை, நம் முகத்தைப் பார்த்து வருகிற நடுக்கம். வீட்டு ஆள் கிளம்பிய அரை மணிக்குள் ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, எச்சில் ஒழுக அலைகிற நாய் பழிவாங்கவில்லை, தவிக்கிறது. கொரோனா ஊரடங்கில் வாங்கிய குட்டிகள் பல, மனிதர் இல்லாத வீட்டையே பார்க்காமல் வளர்ந்தவை. சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்வது, அரை நிமிடம் போய்த் திரும்புவது, பிறகு இரண்டு நிமிடம் என்று தவிப்பு எழாத அளவில் நேரத்தை நீட்ட வேண்டும். முற்றிய நிலையில் மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டியிருக்கும்.

இந்தப் பயங்களில் பலவற்றுக்கு விதை குட்டிப் பருவத்தில். மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை பார்த்ததையும் கேட்டதையும் நாய் உலகத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் எழுதிய புத்தகம் இதில் அடிப்படை நூல். நம் சந்தையிலோ முப்பது, நாற்பது நாளிலேயே குட்டி கைமாறுகிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ன் மத்திய அரசு விதி சொல்கிறது. கூடப் பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடம் நம் கையில் நடக்கும். வாங்கிய பிறகு, பார்வோ வைரஸ் பயத்தில் எல்லா ஊசியும் முடியும்வரை குட்டியை வெளியே காட்டுவதே இல்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம்: ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தள்ளுவண்டி, ஆட்டோ ஹாரன், பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள்.

தீபாவளி தனிக்கதை. நம் காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு ஏறத்தாழ 45,000. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 மட்டுமே வெடிக்கலாம் என்பது ஏட்டில் இருக்கிறது. அதை நம்பாமல் ஒரு மாதம் முன்பே வெடிச் சத்தத்தின் பதிவை மெதுவாக வைத்து ஈரலோடு பழக்கத் தொடங்கலாம். அன்றைக்கு வாக்கிங்கை விடியுமுன் முடித்துவிட்டு, ஜன்னல் குறைந்த உள்ளறையில் ஃபேனும் டிவியும் ஓட, கட்டிலடியில் பதுங்க இடம் கொடுக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும். மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் தீபாவளியை ஒட்டி அதிகம். நடுங்குகிற நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பார்கள். வளராது, தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். தூக்க மருந்து மட்டும் நாமாகக் கொடுக்கக் கூடாது. பழைய வழக்கத்தில் கொடுக்கப்படும் சில மருந்துகள் உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. பயத்தைக் குறைக்கிற மருந்து வேறு. அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுச் சின்ன அளவில் சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வலி. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்று உறுமினால், பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். காதுப்புண், சொத்தைப்பல், இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸ் குழு 2020-ல் எழுதியதன்படி, நடத்தைப் பிரச்சினை என்று சிறப்பு மருத்துவரிடம் வருகிறவற்றில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்குப் பின்னால் வலி இருக்கிறது. தொங்குகாது நாய்களுக்கு நம் மழைக்காலத்தில் காது சீழ்பிடிப்பது சகஜம். தலையைத் தடவப்போன பிள்ளையைப் பார்த்து அது உறுமும், நாம் பொறாமை என்போம். மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் நாய் நடப்பதையும் படி ஏறுவதையும் தொட்டால் சிலிர்ப்பதையும் போனில் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் மேஜை மேல் ஏற்றியதும் பல நாய்கள் நொண்டுவதைக்கூடக் காட்டாமல் நிற்கும்.