ஈ.சி.யில் ஏறாத வில்லங்கம்

“ஈ.சி. போட்டுப் பார்த்தாச்சு சார், க்ளீனா இருக்கு. அட்வான்ஸைக் குடுத்துடலாம்.”

மனை வாங்க அலைந்தவர்கள் எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடம். புரோக்கர் இதைச் சொன்னதும் பேச்சு விலைக்குத் தாவிவிடும். கையில் இருக்கும் அந்தத் தாள் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்று யாரும் நின்று கேட்பதில்லை.

ஈ.சி. என்பது என்கம்பரன்ஸ் சர்டிபிகேட், நம் ஊரில் வில்லங்கச் சான்று. என்கம்பரன்ஸ் என்று சட்டம் சொல்வது, ஒரு சொத்தின் மேல் அதன் உரிமையாளர் அல்லாத வேறொருவருக்கு இருக்கும் பாத்தியதையை. அடமானம், குத்தகை, ஜப்தி, ஜீவனாம்சத்துக்காகச் சொத்தின் மேல் வைக்கப்பட்ட பொறுப்பு, பக்கத்துக் காட்டுக்காரரின் வண்டிப்பாதை உரிமை எல்லாம் இதில் அடங்கும். சொத்து யார் பெயருக்கு மாறினாலும் இவையும் கூடவே வரும். கடனை வாங்கியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். வங்கி அதிகாரி வந்து நிற்பது உங்கள் வாசலில்.

சான்றிதழுக்கும் இந்தப் பொருளுக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது. 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் பதிவேட்டுக்கு ‘1-ம் புத்தகம்’ என்று பெயர். நீங்கள் சொல்லும் கிராமம், சர்வே எண், கால அளவு ஆகியவற்றுக்கு அந்தப் புத்தகத்தின் அட்டவணைகளைத் தேடி, கண்ணில் பட்டதை எழுதித் தருவதுதான் ஈ.சி. கிரையம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாம் ஒரே வரிசையில் வரும். கிரையம் எப்படி வில்லங்கம் ஆகும்? ஆகாது. பதிவான நடவடிக்கை எதுவானாலும் காட்டுவார்கள். ஒன்றும் இல்லையென்றால் படிவம் 16, அதாவது ‘நில்’ ஈ.சி. தேடலில் பிழை இருந்தால் துறை பொறுப்பாகாது என்ற வாசகத்தையும் படிவத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

படிக்கத் தெரிந்தால் அந்தத் தாள் நிறையச் சொல்லும். ஒரு பக்கத்தில் மூன்று பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். 2009-ல் ஒரு கிரைய ஆவணம். 2014-ல் அந்தக் கிரையத்தில் வாங்கியவரே எழுதிக் கொடுத்தவர், ஒரு வங்கி எழுதி வாங்கியவர். தன்மை என்ற இடத்தில் ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்’. பேச்சுவழக்கில் இதை எம்.ஓ.டி. என்பார்கள். 2021-ல் வங்கி எழுதிக் கொடுத்தவராக நிற்கும் ‘ரசீது ஆவணம்’. மூன்றாவது வந்து இரண்டாவதை அடைத்துவிட்டது. ‘முந்தைய ஆவண எண்’ என்ற இடத்தில் 2014-ன் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ரசீது வரி இல்லையென்றால், “கடனை எப்பவோ கட்டியாச்சு” என்று விற்பவர் சத்தியம் செய்தாலும், வங்கியிலிருந்து ரசீது எழுதி வாங்கிப் பதிந்துவிட்டு வரச் சொல்லுங்கள். வேறொருவருடன் போட்ட விற்பனை ஒப்பந்தம் ரத்தாகாமல் நின்றாலும் இதே கதைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் தாளில் இருப்பது. தாளில் வராததுதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலாவது, பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குவது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ன் 58-வது பிரிவு, சென்னை, கல்கத்தா, பம்பாய், மற்றும் அரசு அறிவித்த ஊர்களில் மூலப்பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பதையே அடமானமாக ஏற்கிறது. எழுத்தும் வேண்டாம், பதிவும் வேண்டாம். வியாபாரிகளின் அவசரத்துக்காக வந்த ஏற்பாடு. வங்கிகள் எம்.ஓ.டி. பதிவதால் ஈ.சி.யில் தெரிகிறது, தனியாரிடம் கொடுத்த பத்திரம் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் ஜெராக்ஸைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், “ஒரிஜினல் எங்கே?” என்று கேட்கிறார்கள். பத்திரம் தொலைந்துவிட்டது, போலீஸ் சான்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் வேறு மனை பார்க்கப் போய்விடுவேன். வங்கி, நிதி நிறுவன அடமானங்களுக்கு 2011-ல் தொடங்கிய செர்சாய் என்ற மத்திய பதிவகம் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டி யாரும் அங்கே தேடலாம்.

இரண்டாவது பலருக்கும் தெரியாத ஓட்டை. எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய, பதிவுச் சட்டத்தின் 23-வது பிரிவு நான்கு மாதம் அவகாசம் தருகிறது. பதிவான பத்திரம், பதிந்த நாளிலிருந்து அல்ல, எழுதிய நாளிலிருந்தே செல்லும் என்கிறது 47-வது பிரிவு. ஜனவரியில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த ஆள் மார்ச்சில் உங்களுக்கும் எழுதிப் பதிந்து கொடுக்கிறார். மார்ச் மாத ஈ.சி. பளிச்சென்று இருக்கும். ஏப்ரலில் முதல் ஆள் தன் பத்திரத்தைத் தாக்கல் செய்தால் முந்துவது அவர்தான். இதைத் தடுக்க ஈ.சி.யால் முடியாது. விற்பவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும், இடத்தில் யார் குடியிருக்கிறார்கள், யார் பயிர் வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதும்தான் வழி.

குடும்பப் பங்கும் தாளில் வராது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற பூர்வீக நிலத்தில் தங்கையின் பாகம் அப்படியே கிடக்கும். மகளுக்கும் பிறப்பிலேயே சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது. மத்தியச் சட்டம் 2005-ல் வந்தது. சொத்தின் மேல் நிலுவையில் உள்ள வழக்கும் அப்படித்தான்: வழக்கு நடக்கும்போது வாங்கியவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர், அவருக்கு வழக்கே தெரியாது என்றாலும்கூட. வரி பாக்கியைப் பற்றியும் ஈ.சி. வாய் திறக்காது. கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்திலும் தனியாகத் தேட வேண்டும். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய சர்வே எண்ணையும் கொடுத்துத் தேட வேண்டும்.

“பதிவு ஆபீசிலேயே பார்த்துத்தானே பதியறாங்க” என்று நம்புகிறவர்கள் உண்டு. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டு விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்றது தீர்ப்பு. அது நம் வேலை.

கிரையப் பத்திரத்தின் கடைசிப் பகுதியில், வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் வந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் எழுதிக் கொடுப்பார். பத்திர எழுத்தர் கடகடவென்று வாசித்துத் தாண்டிவிடும் பத்தி அது. வழக்கென்று வந்தால் கைகொடுப்பது அந்தப் பத்திதான். அதைச் சுருக்க விடாதீர்கள்.

பதிவான பிறகு உங்கள் பெயர் ஏறிய ஈ.சி. ஒன்றையும் போட்டுப் பாருங்கள். இணையத்தில் பார்க்கக் காசு கிடையாது. உட்பிரிவு எண்ணில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தாலும் அடுத்து தேடுபவர் கண்ணில் உங்கள் பத்திரம் படாது. அலுவலகக் கணினியில் நேர்ந்த பிழை என்றால் மனு கொடுத்துத் திருத்தலாம். பத்திரத்திலேயே பிழை என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவரின் கையெழுத்து வேண்டும். அவர் போனை எடுக்கிற காலத்திலேயே அதை முடித்துக்கொள்வது நல்லது.