உறங்கும் கணினி

தளி போன்ற எல்லையோர ஊர்களில், நெடுநாள் மூலையில் கிடந்த மேசைக் கணினி இயங்க மறுத்தால், அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. உடன் குடும்ப நிழற்படங்களும் போய்விடுகின்றன. அவை உறைவதோ வன்தட்டில்; பழுது பெரும்பாலும் வேறிடத்தில்.

பொத்தானை அழுத்தியும் மின்விசிறி சுழலவில்லையெனில், மின்வடத்தையும் மின்வழங்கியையும் ஐயுற வேண்டும். சுழன்றும் திரை இருண்டிருந்தால் செவிசாய்க்க வேண்டும். கணினி விழிக்கும்போது தன் உறுப்புகளைத் தானே சோதிக்கிறது. குறை கண்டால் ‘பீப்’ ஒலியால் அறிவிக்கிறது. ஒலிகளின் எண்ணிக்கைக்குரிய பொருள் நிறுவனந்தோறும் மாறும். நினைவகப் பலகையின் தொடுமுனைகளில் படிந்த அழுக்கே பலமுறை காரணம். மின்வடத்தைப் பிடுங்கியபின் அதனைக் கழற்றி, அழிப்பானால் மென்மையாகத் துடைத்துப் பொருத்தினாலே கணினி எழுந்துவிடுவதுண்டு. எழுதுபெட்டியிலுள்ள ரப்பர் துண்டுக்கு இப்படியும் ஒரு பணி!

நாளும் நேரமும் பின்னோக்கிச் சென்றிருந்தால், தாய்ப்பலகையின் 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்துள்ளது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்துப் பலகைகளில், தலை உப்பிய மின்தேக்கிகளையும் தேடிப் பார்க்கலாம். மின்வழங்கியை மட்டும் திறத்தல் கூடாது. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எதற்கும் எழாத கணினியிலிருந்தும் வன்தட்டைக் கழற்றி, தகுந்த இணைப்பியால் வேறொரு கணினியில் பொருத்தலாம். தட்டு பழுதுறாதிருப்பின், படங்கள் அங்கே திறக்கும்.