வலிக்காத கட்டியின் ரகசியத் தூது

"வலியே இல்லையே, இதுக்குப் போய் டாக்டரா?" மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நம்மில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்துவிட்டால், "அதைக் கிளறாதே, ஊசி பட்டால் உடம்பு பூரா பரவிடும்" என்று ஒரு பயத்தையும் சேர்த்துவிடுவார்கள்.

சரி, கான்ஸர் என்பது உண்மையில் எப்படித்தான் பரவுகிறது? இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் இந்த இரண்டு பேச்சும் எவ்வளவு தப்பு என்று தெரியும், சகோதரிகளே.

கடுகளவில் நின்ற கட்டி

1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் சர்ஜன் வேலை பார்த்தார். முயலின் தைராய்டு சுரப்பியைத் தனியே எடுத்து, ரத்தத்துக்குப் பதிலாக ஒரு திரவத்தை அதில் ஓடவிட்டு, உள்ளே கான்ஸர் செல்களை வைத்தார். அவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதாவது நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகு அளவு வளர்ந்தன. அப்புறம் வளரவே இல்லை! செத்துப் போய்விட்டனவா என்றால் அதுவும் இல்லை. அதே செல்களை எலியின் உடம்பில் வைத்ததும் மளமளவென்று பெரிதாயின.

வித்தியாசம் என்ன? எலியின் உடம்பில் புது ரத்தக் குழாய்கள் கட்டியைத் தேடி வந்தன. தனியே எடுத்த சுரப்பியில் வரவில்லை. ஒரு செல்லுக்குப் பிராணவாயு கிடைக்க வேண்டுமானால், ரத்தக் குழாய் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். குழாய் வராத கட்டி கடுகாகவே கிடக்கும்.

"கட்டி ஏதோ ரசாயனத்தை அனுப்பித்தான் ரத்தக் குழாயை வரவழைக்கிறது" என்று 1971-ல் ஃபோக்மன் எழுதினார். அப்போது பல விஞ்ஞானிகள் அதை நம்பவில்லை, கேலி கூடச் செய்தார்கள். அவரோ விடவில்லை.

யார் அந்தத் தூதர்?

மூச்சுத் திணறும் செல்கள் ஒரு புரதத்தை வெளியே விடுகின்றன. வி.இ.ஜி.எஃப். என்று அதற்குப் பெயர். 1989-ல் நெப்போலியோனி ஃபெராரா என்பவரின் குழு இதை அடையாளம் கண்டது. இது பக்கத்து ரத்தக் குழாயின் உள்சுவரைத் தொட்டதும், அந்தச் சுவர் செல்கள் கிளைவிட்டு, தூது வந்த திசையைப் பார்த்து வளர ஆரம்பிக்கின்றன. பிராணவாயு குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசே கிடைத்தது.

இந்தத் தூதர் பொல்லாதவர் அல்ல. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பாய்வதும், மாதவிலக்குக்குப் பின் கருப்பையின் உள்தோல் மறுபடி வளர்வதும், அரிவாள்மணைக் காயம் ஆறுவதும் இவர் தயவில்தான். நல்ல காரியத்துக்கு உடம்பு வைத்திருக்கும் வழியைக் கட்டி திருடிக்கொள்கிறது.

சோறு வந்த வழியே வெளிவாசல்

கட்டி அவசரமாகப் போட வைத்த குழாய்கள் ஒழுங்காக இருப்பதில்லை. கோணல்மாணலாக, சுவரில் இடைவெளி விட்டு, கசிந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளிகள் வழியாகக் கான்ஸர் செல்கள் ரத்தத்துக்குள் நழுவுகின்றன. நிணநீர்க் குழாய் வழியாக அக்குளுக்கும் போகின்றன.

போகிற செல்கள் எல்லாம் பிழைப்பதில்லை, பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிடும். 1889-லேயே லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜட், மார்பகக் கான்ஸரில் இறந்த 735 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து, "விதைக்கு ஏற்ற மண் கிடைத்தால்தான் முளைக்கும்" என்ற கருத்தைச் சொன்னார். நுரையீரல், ஈரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்கள் ஒரு ரசாயன அழைப்பை விடுகின்றன என்றும், அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மார்பகக் கான்ஸர் செல்களில் இருக்கிறது என்றும் 2001-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஊசி குத்தினால் பரவுமா?

என் நாத்தனார் இந்தப் பயத்திலேயே எட்டு மாதம் ஓட்டிவிட்டாள். "அண்ணி, சுண்டைக்காய் அளவுதான் இருக்கு, வலிக்கக்கூட இல்லே" என்று அவள் என்னிடம் வாய் திறந்தபோது, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. ஊசிப் பரிசோதனை அதற்கப்புறம்தான் நடந்தது. ஊசி படுவதற்கு முன்பே அது கிளம்பிவிட்டதே! மருந்து, ஆபரேஷன், கரண்ட் வைப்பது என்று ஒரு வருஷம் படாதபாடு பட்டாள். ஆறு வருஷமாக நன்றாக இருக்கிறாள். சீக்கிரம் போயிருந்தால் பாதி அவஸ்தை மிச்சம்.

ஊசிப் பரிசோதனையால் மார்பகக் கான்ஸர் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பரவ வைப்பது கட்டி தானே போட்டுக்கொண்ட வழியும், நாம் கொடுக்கிற கால அவகாசமும்தான்.

தூதை மறிக்கும் மருந்து

வி.இ.ஜி.எஃப்.பைப் பிடித்து நிறுத்தும் பெவாசிஸுமாப் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில், பரவிய பெருங்குடல் கான்ஸருக்கு அனுமதி பெற்றது. 2008-ல் காலமான ஃபோக்மன் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஆனால் இது சர்வரோக நிவாரணி அல்ல. ஒரு தூதரை மறித்தால் கட்டி வேறு தூதரை அனுப்பும். மார்பகக் கான்ஸருக்கு 2008-ல் கொடுத்த அனுமதியை, ஆயுளை நீட்டவில்லை என்று 2011-ல் அங்கே ரத்து செய்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறலாம், ரத்தம் கசியலாம், காயம் ஆறத் தாமதமாகலாம். கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும் லேகியம் என்று யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

நாம் செய்யக்கூடியது

* மாதவிலக்கு முடிந்த சில நாளில் மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள்.
* கட்டி, தோலில் குழிவு, காம்பு புதிதாக உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, இதில் எது இருந்தாலும் வலிக்காகக் காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.
* பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பால் கட்டிக்கொள்வது சகஜம்தான். ஒன்றிரண்டு வாரத்தில் கரையாவிட்டால் காட்டிவிடுங்கள்.

தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை கான்ஸரே அல்ல. அதைத் தெரிந்துகொண்டு நிம்மதியாக வீடு திரும்பவும்தான் பரிசோதனை. கான்ஸராகவே இருந்தாலும், அது வழி போட்டுக் கிளம்புமுன் நாம் முந்திக்கொள்ளலாமே!