‘உம்’ கொட்டும் செல்வங்கள்

லீலாசுகர் அருளிய ‘ஸ்ரீகிருஷ்ண கர்ணாம்ருதத்தில்’ ஓர் இனிய காட்சி உண்டு. கண்ணனைத் துயிலச் செய்வதற்காக யசோதை இராமகதை சொல்லுகிறாள். ஒவ்வொரு வாக்கியத்திற்கும் குழந்தை ‘உம்’ கொட்டுகிறது. சீதையை இராவணன் கவர்ந்து சென்றான் என்று தாய் சொன்ன அளவில், உறங்கத் தொடங்கிய கண்ணன் திடுக்கிட்டு எழுந்து, இலக்குவனை விளித்துத் தன் வில்லைத் தேடுகிறான்.

பரம்பொருளே தாய்மடியில் ‘உம்’ கொட்டிக் கதை கேட்டது எனில், நம் இல்லத்துக் குழந்தை கேட்பதில் வியப்பென்ன? ‘இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கதை எங்கே விளங்கப் போகிறது?’ என்று பெரியோர் சிலர் தயங்குவர். பொருள் பின்னர் வரும். முதலில் குழந்தையின் நெஞ்சில் பதிவது தாத்தா பாட்டியின் குரலே.

என்ன கதை சொல்வது? தருமபுரி மாவட்டத்தாருக்கு அரூரை அடுத்த தீர்த்தமலையே ஒரு கதையாக நிற்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் இங்கே சிவபூசை செய்ய விழைந்து, கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாயிற்று. பெருமான் மலைமீது அம்பு எய்ய, பாறையிலிருந்து நீர் பெருகியது. அதுவே இராம தீர்த்தம். பின்னர் வந்த அனுமன், பூசை முடிந்தது கண்டு சினந்து, தாம் கொணர்ந்த நீரை வீசியெறிந்தார். அது விழுந்த இடம், தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தம் என்கிறது தலபுராணம்.

மழலைக்கு இதை ஐந்தாறு சிறு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ‘அனுமார் பறந்தார்’ என்றால் ஒரு ‘உம்’. ‘இராமர் அம்பு விட்டார்’ என்றால் இன்னொரு ‘உம்’. கோபம் வந்தால் கையிலுள்ள கிண்ணத்தை வீசும் குழந்தைக்கு அனுமனின் சினம் நன்றாகவே விளங்கும். வீசிய நீரையும் பெருமான் தீர்த்தமாக்கினார் என்று முடிக்கும்போது, நீதி தனியே உரைக்க வேண்டுவதில்லை.

மறுநாளும் அதே கதையையே குழந்தை கேட்கும். சலிப்புக் கொள்ளலாகாது. திருக்கோயிலில் நாள்தோறும் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். நேற்றுத்தான் செய்தோமே என்று எவரும் விடுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டே குழந்தை சொற்களைக் கற்கிறது. ஒரு சொல்லை நாம் மாற்றினால் அதுவே திருத்தவும் செய்யும்.

படங்கள் நிறைந்த நூலொன்றை மடியில் விரித்துக்கொள்வதும் நன்று. எழுத்துப் புலப்படாத முதிய கண்களுக்கும் படம் புலப்படும். ஏட்டைக் குழந்தையே புரட்டட்டும். முன்பின்னாகப் புரட்டினாலும் பாதகமில்லை. பகலில் தருமபுரிக் கோட்டை காமாட்சியம்மன் ஆலயத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள் சிற்றுருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இரவில் கேட்ட இராமனைக் குழந்தை பகலில் கல்லில் காணும்.

பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகள் சென்றுவிட, பேரக் குழந்தைகள் திருவிழாவுக்கு மட்டும் வரும் இல்லங்கள் இன்று பல. உறங்கவைக்கும் பொறுப்பைச் செல்பேசி ஏற்றுக்கொண்டது. அது ஓயாமல் கதை சொல்லும். ஆயினும் குழந்தையின் ‘உம்’முக்காக நின்று காத்திராது. அவ்வாறு காத்திருக்க வல்லவர்கள் நீங்களே. குழந்தை அருகில் இல்லாத நாளில் அதே செல்பேசியில் அழைத்து, உங்கள் குரலிலேயே கதை சொல்லலாம்.

நாம் சொல்லாது விட்டால், நாளை தீர்த்தமலையைக் காணும் பேரனுக்கு அது வெறும் மலையாகவே தோன்றும். இன்றிரவு சொல்லத் தொடங்குங்கள். ‘உம்’ ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து, குழந்தை கண்ணயரும் வேளையில் இராமபிரானின் திருநாமமே அதன் செவியில் கடைசியாக நிற்கட்டும்.